வழியும் ரத்தமும் வழியாத ரத்தமும்: தலைக்காயத்துக்கு முதலுதவி

தலையில் அடிபட்டு முகமெல்லாம் ரத்தமாக ஒருவர் வந்து நின்றால் நம் வாயிலிருந்து முதலில் வருவது 'ஐயோ, மண்டை உடைந்துவிட்டது' என்பதுதான். பெரும்பாலும் மண்டை உடைந்திருக்காது. கிழிந்திருப்பது அதன் மேல் போர்த்தியிருக்கும் தோல் மட்டும். பார்க்க எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும், நல்ல துணியும் உறுதியான ஒரு கையும் இருந்தால் அந்த ரத்தத்தை அநேகமாக நிறுத்திவிடலாம்.

இன்னொருவர் பின்மண்டை தரையில் மோதும்படி விழுகிறார். எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, 'ஒன்றும் இல்லை, லேசான அடிதான்' என்கிறார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கூடியிருந்தவர்கள் கலைந்து போய்விடுகிறார்கள். என் கவலையெல்லாம் இந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான்.

தலைக்காயத்தில் கண்ணுக்குத் தெரியும் ரத்தமும் உயிருக்கான ஆபத்தும் ஒன்றாகவே வரும் என்று நம்ப முடியாது. கட்டுப் போடுவதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் முடிச்சுப் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டால், அந்தக் கட்டே நம்மை ஏமாற்றிவிடும்.

தலைத்தோல் ஏன் இப்படிக் கொட்டுகிறது

தலையைப் போர்த்தியிருப்பது ஒற்றைத் தோல் அல்ல, ஐந்து அடுக்கு. மேலே முடி முளைக்கும் தோல். அடுத்தது நார் நாராக இறுகிய ஒரு படலம். அதற்குக் கீழே, நெற்றித் தசையையும் பிடரிப் பக்கத் தசையையும் இணைத்து இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு தட்டையான நார்த் தகடு. நான்காவது தளர்வான ஓர் அடுக்கு. ஐந்தாவது எலும்பை ஒட்டிய சவ்வு.

ரத்தக் குழாய்கள் ஓடுவது இரண்டாவது அடுக்கில். உடம்பின் மற்ற இடங்களில் ஒரு சிறு குழாய் அறுபட்டால் அதன் வாய் சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும், ரத்தம் தானாகவே குறையும். தலைத்தோலில் அது நடப்பதில்லை. நார்கள் குழாயின் சுவரைச் சுற்றிலும் பற்றிக்கொண்டிருப்பதால் வெட்டுப்பட்ட வாய் திறந்தபடியே நிற்கிறது. போதாததற்கு இரண்டு பக்கமும் உள்ள குழாய்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் வெட்டின் இரு முனையிலிருந்தும் ரத்தம் வருகிறது. காயம் ஆழமாகி மூன்றாவது அடுக்கும் குறுக்காக அறுந்துவிட்டால், முன்தசை முன்னாலும் பின்தசை பின்னாலும் இழுக்க, காயம் வாய் பிளந்து நிற்கும். அரை அங்குல வெட்டுக்குச் சட்டை முழுவதும் நனைவது இதனால்தான்.

நான்காவது அடுக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது தளர்வாக இருப்பதால், அங்கே தேங்கும் ரத்தம் தடையில்லாமல் முன்னோக்கி இறங்கி, ஓரிரு நாளில் கண்ணிமைகளை நீலமாக வீங்க வைக்கும். அடி பட்டது உச்சந்தலையில், கறுத்தது கண். காயத்தில் சேரும் கிருமியும் அதே வழியில் பரவும், எலும்பைத் துளைத்துப் போகும் சிறு சிரைகள் வழியாக உள்ளேயும் போகக்கூடும். தலையில் ஒரு சின்னக் கிழிசல்தானே என்று சுத்தம் பாராமல் விட்டுவிடக் கூடாது, எந்தப் பொடியையும் அதன் மேல் அப்பக் கூடாது.

வளர்ந்தவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும். தலைத்தோல் காயம் அவரை மிரள வைக்கும், உடனே அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் ஆபத்துக்குப் போகாது. கைக்குழந்தையின் கணக்கு வேறு. அதற்கு ரத்தம் கிலோவுக்கு சுமார் 80 மில்லிலிட்டர்தான். 5 கிலோ எடையுள்ள குழந்தையிடம் இருப்பதே 400 மில்லிலிட்டர். அதன் தலையிலிருந்து ஒரு டம்ளர் ரத்தம் போனால், மொத்தத்தில் பாதிக்கு அருகில் போய்விட்டது என்று பொருள். குழந்தையின் தலையில் ரத்தம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

முதலில் கை, அப்புறம்தான் கட்டு

தலைக்காயத்தில் நமக்குச் சாதகமாக ஒன்று உண்டு. தோலுக்கு அடியில் கெட்டியான எலும்பு இருக்கிறது. வயிற்றிலோ தொடையிலோ அழுத்தினால் சதை உள்வாங்கும். தலையில் அழுத்தினால் குழாய் எலும்புக்கும் கைக்கும் நடுவே நசுங்கி மூடிக்கொள்ளும்.

அடிபட்டவரைத் தரையில் உட்கார வைக்கலாம், இல்லையென்றால் தலையும் தோளும் சற்று உயர்ந்திருக்கும்படி சாய வைக்கலாம். கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சுத்தமான பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டாலும் சரி. முடியை விலக்கி, ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். முடி அடர்ந்த தலையில் இதற்கே கொஞ்சம் பொறுமை வேண்டும், ரத்தம் வழியும் இடமும் காயம் இருக்கும் இடமும் பல நேரம் வேறு வேறாக இருக்கும். காஸ் துணியோ, துவைத்த பருத்தித் துணியோ, எது கிடைக்கிறதோ அதைப் பல மடிப்பாக மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள்.

அழுத்திய கையைப் பத்து நிமிடமாவது எடுக்கவே கூடாது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு முறை துணியைத் தூக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தூக்கும் ஒவ்வொரு முறையும், அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பெயர்ந்து வருகிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் உறுதியாக அழுத்துங்கள்.

அழுத்தக் கூடாத இடமும் உண்டு. விரலுக்கடியில் எலும்பு பள்ளமாக உள்வாங்கித் தெரிந்தாலோ, நறநறவென அசைந்தாலோ, காயத்தில் கண்ணாடித் துண்டோ கம்பியோ குத்தி நின்றாலோ, அதன் மேல் கையை வைக்காதீர்கள். குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். அதுவே உள்ளே அறுந்த குழாய்க்கு அடைப்பானாக நிற்கலாம். இங்கே வேண்டியது சும்மாடு. தலைச்சுமைக்குத் துணியை வளையமாக முறுக்கிச் சுற்றுவோமே, அதே வளையம்தான். காயம் நடுவில் வரும்படி வளையத்தை வைத்து, அதன் மேல் தளர்வாகத் துணியை மூடிக் கட்டினால், அழுத்தம் முழுவதும் சுற்றியுள்ள நல்ல எலும்பின் மேல் விழும், உடைந்த இடம் தப்பிக்கும். இப்படிப்பட்ட ஆழமான காயத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவவும் வேண்டாம்.

தொப்பிக் கட்டும் முக்கோணக் கட்டும்

தலையில் கட்டுப் போடுவது கடினம் என்பதற்குக் காரணம் அதன் வடிவம். தலை உருண்டை. வெறுமனே சுற்றிய துணி இரண்டு நிமிடத்தில் மேலே வழுக்கிக் கழன்று வந்துவிடும். அதை நிற்க வைக்க இரண்டு இடங்கள் உதவுகின்றன. ஒன்று, பின்மண்டையில் விரலால் தடவினால் தட்டுப்படும் எலும்பு மேடு. முதல் சுற்று அந்த மேட்டுக்குக் கீழே போக வேண்டும், மேலே போனால் நிற்காது. இன்னொன்று தாடை.

சுருள் பேண்டேஜால் போடும் கட்டுகளில் எனக்கு மிகவும் நம்பிக்கையானது தொப்பிக் கட்டு. 7 முதல் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள சுருள் போதும். அதிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஒரு துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். காயத்தின் மேல் மடித்த துணியை வைத்த பிறகு, இந்தத் துண்டின் நடுப்பகுதியை உச்சந்தலையில் வைத்து, இரண்டு முனைகளையும் காதுகளுக்கு முன்னால் நேராகத் தொங்கவிடுங்கள். அடிபட்டவரே இரு கையாலும் முனைகளைப் பிடித்து, சற்று வெளிப்பக்கமாக விறைப்பாக இழுத்துக்கொள்ளட்டும். அவருக்கு ஒரு வேலை கொடுப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, இரண்டு கையும் ஒரே பலத்தோடு பிடிக்கின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும்.

இப்போது சுருளை எடுத்து, புருவத்துக்கு மேலே நெற்றியையும் பின்மேட்டுக்குக் கீழே பிடரியையும் தொடும்படி இரண்டு சுற்று சுற்றுங்கள். இதுதான் அடித்தளம். மூன்றாவது சுற்றில், தொங்கும் முனையை அடைந்ததும் சுருளை அந்த முனையைச் சுற்றி ஒரு முறை வளைத்து, பின்மண்டையின் மேல் சாய்வாக எதிர்ப்பக்க முனைக்குக் கொண்டு போங்கள். அங்கேயும் ஒரு வளைப்பு. அங்கிருந்து நெற்றிப் பக்கமாக முன்னால் கொண்டு வந்து முதல் முனைக்குத் திரும்புங்கள். இப்படிப் பின்னால் ஒரு முறை, முன்னால் ஒரு முறை. ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியையாவது மூடியபடி உச்சியை நோக்கி ஏறிக்கொண்டே வர வேண்டும். தலை முழுவதும் மூடியதும் சுருளின் கடைசி நுனியைத் தொங்கும் முனைகளில் ஒன்றோடு கட்டி, இரு முனைகளையும் தாடைக்குக் கீழே சற்றுப் பக்கவாட்டில் முடிச்சுப் போட்டால் முடிந்தது. தாடைக்கும் கட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். தலையில் அடிபட்டவர் எந்த நேரமும் வாந்தி எடுக்கலாம். வாய் திறக்க முடியாமல் இறுக்கிக் கட்டிய கட்டு அவருடைய மூச்சையே அடைத்துவிடும்.

சுருள் பேண்டேஜ் கையில் இல்லாதபோது முக்கோணத் துணி. சுமார் ஒரு மீட்டர் சதுரத் துணியைக் குறுக்காக வெட்டினால் இரண்டு கிடைக்கும். நீளமான விளிம்பை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்துப் புருவத்துக்குச் சற்று மேலே வையுங்கள், எதிர்முனை பிடரியில் தொங்கட்டும். இரு பக்க நுனிகளையும் காதுக்கு மேலாகப் பின்னே கொண்டுபோய், பிடரியில் தொங்கும் முனையின் மேல் குறுக்காக மாற்றி, மறுபடி முன்னால் கொண்டு வந்து நெற்றியில் முடிச்சுப் போடுங்கள். பின்னால் தொங்கும் முனையை மெதுவாகக் கீழே இழுத்தால் துணி தலையோடு படியும். அதை மேலே மடித்துச் செருகிவிடலாம். முண்டாசு கட்டிப் பழகிய கைக்கு இது ஒரு முறை பார்த்தாலே வந்துவிடும்.

இந்த முக்கோணத் துணிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய மருத்துவர் மத்தியாஸ் மேயர், கைக்குட்டை போன்ற சாதாரணத் துணிகளாலேயே எல்லாக் கட்டும் போடலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுத்துச் சொன்னார். அதே நூற்றாண்டில் ஜெர்மானிய ராணுவ மருத்துவர் பிரீட்ரிக் வான் எஸ்மார்க் அதைப் படைவீரர்கள் கைக்குக் கொண்டு சேர்த்தார். எப்படிக் கட்ட வேண்டும் என்ற படங்களை அந்தத் துணியின் மேலேயே அச்சடித்துக் கொடுத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். பதற்றத்தில் மனம் வெறுமையாகிப்போகும் என்பதை அறிந்த ஒருவர்தான் அப்படி யோசித்திருக்க முடியும்.

காது, தாடை, கண் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டுகள் உண்டு. மூக்குக்கும் மோவாய்க்கும், நீளத் துணியின் இரு பக்கத்தையும் நடுவே கிழித்து நான்கு வால் ஆக்கிக் கட்டுவது வசதி. அவற்றை ஒரு வகுப்பில் கையால் பழகுவதே நல்லது.

இயந்திரத்தில் நீளமான முடி சிக்கித் தலைத்தோல் அப்படியே உரிந்து வந்துவிடும் விபத்தும் நடக்கிறது. தலையில் அகலமாகத் துணி வைத்து அழுத்துவதோடு, உரிந்த தோலையும் தேடி எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஈரமான சுத்தத் துணியில் அதைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் வையுங்கள். பனிக்கட்டி தோலில் நேரடியாகப் படக் கூடாது. நுண் அறுவை சிகிச்சையில் ரத்தக் குழாய்களை இணைத்து அதை மறுபடி பொருத்தும் வாய்ப்பு இருக்கிறது. 1976ஆம் ஆண்டிலேயே இது வெற்றிகரமாகச் செய்யப்பட்டிருக்கிறது.

கட்டுக்கு அப்பால்

சரி, ரத்தம் நின்றது, கட்டும் நின்றது. இனி உள்ளே.

ரத்த தானத்தில் 350 மில்லிலிட்டர் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் நாம் நடந்து வீட்டுக்குப் போகிறோம். அதே ரத்தம் மண்டை ஓட்டுக்கு உள்ளே, எலும்புக்கும் மூளையின் வெளியுறைக்கும் நடுவே 30 மில்லிலிட்டருக்கு மேல் சேர்ந்தால், நோயாளி பேசிக்கொண்டிருந்தாலும் அறுவை செய்து அதை எடுத்துவிட வேண்டும் என்கிறது நரம்பியல் அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதல். 30 மில்லிலிட்டர் என்பது இரண்டு பெரிய கரண்டி மருந்து. சட்டையில் வழிந்திருந்தால் நாம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்.

காரணம் மண்டை ஓடு மூடிய பெட்டி. அதற்குள் சுமார் 1,400 கிராம் மூளை, கொஞ்சம் ரத்தம், மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் 150 மில்லிலிட்டர் அளவுள்ள திரவத்தில் ஒரு பங்கு, இவ்வளவுதான். வேறு எதற்கும் இடம் இல்லை. எடின்பரோவின் உடற்கூறியல் பேராசிரியர் அலெக்சாண்டர் மன்றோ 1783இலும், அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி 1824இலும் எழுதியது இதைத்தான். பெட்டிக்குள் ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தே ஆக வேண்டும். புதிதாக ரத்தம் கசியத் தொடங்கியதும் முதலில் திரவம் தண்டுவடப் பக்கம் ஒதுங்கி இடம் கொடுக்கிறது, சிரைகளில் உள்ள ரத்தமும் வெளியேறுகிறது. அதுவரை அடிபட்டவர் நன்றாகவே இருப்பார். ஒதுங்க இனி எதுவும் இல்லை என்ற நிலை வந்ததும் அழுத்தம் சட்டென்று ஏறும். மூளை கீழே நெருக்கித் தள்ளப்படும். மூச்சையும் நினைவையும் காக்கும் மூளைத்தண்டு அங்கேதான் இருக்கிறது.

'பொட்டில் அறைந்தாற்போல' என்கிறோமே, அந்தப் பொட்டில் மண்டை எலும்பு மிக மெல்லியது. அதன் உட்பக்கத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பில் கீறல் விழுந்து அந்தத் தமனி கிழிந்தால், ரத்தம் எலும்புக்கும் உறைக்கும் நடுவே சேரும். அடிபட்டதும் சில நொடி மயக்கம், அப்புறம் தெளிவு, பேச்சு, சிரிப்பு, சில மணி நேரம் கழித்து மீண்டும் மயக்கம். இந்த நடுவில் வரும் தெளிவு எல்லோருக்கும் வருவதில்லை, வந்தால் எல்லோரையும் ஏமாற்றும். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச் 16 அன்று கனடாவில் பனிச்சறுக்குப் பயிற்சியில் விழுந்தார். எழுந்து பேசினார், தனக்கு ஒன்றும் இல்லை என்றார், முதலில் மருத்துவ உதவி வேண்டாம் என்றும் சொன்னார். பிறகுதான் தலைவலி தொடங்கியது. மார்ச் 18 அன்று இறந்துபோனார். உடற்கூறாய்வு சொன்ன காரணம் இதே ரத்தக் கட்டுதான்.

வெளிக்காயம் இல்லாமலும் உள்ளே சேதம் இருக்கலாம் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்று அழைக்கப்படும் எகிப்தியச் சுவடி சுமார் கி.மு. 1600ஐச் சேர்ந்தது. அதில் விவரிக்கப்படும் 48 நோயாளிகளில் முதல் 27 பேரும் தலையில் அடிபட்டவர்கள். எட்டாவது ஆளின் தலைத்தோல் கிழியவில்லை, உள்ளே மண்டை நொறுங்கியிருக்கிறது. அதை எழுதியவர் கவனித்தது எதை என்றால், அவன் ஒரு கண் கோணியிருப்பதையும் ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பதையும்தான். ஸ்கேன் கருவி இல்லாத காலத்தில் அவரிடம் இருந்தது கண் மட்டுமே. சாலையோரத்தில் அடிபட்டவர் அருகில் உட்கார்ந்திருக்கும் நம்மிடம் இன்றும் இருப்பது அதுதான்.

மூச்சும் கழுத்தும்

மோதிய கணத்தில் மூளைக்கு நேர்ந்த சேதத்தை முதலுதவியால் மாற்ற முடியாது. ஆனால் அதற்குப் பிறகு, மூச்சு தடைப்படுவதாலும் ரத்த அழுத்தம் விழுந்துபோவதாலும் வரும் இரண்டாவது சேதம் இருக்கிறது. அடிபட்ட மூளைக்கு ஆக்சிஜன் பட்டினியைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. அந்த இரண்டாவது சேதத்தைத் தடுப்பது பக்கத்தில் இருப்பவரின் கையில்தான் இருக்கிறது, ஆம்புலன்ஸ் வரும்வரை வேறு யாராலும் அதைச் செய்ய முடியாது.

நினைவில்லாதவர் மல்லாந்து கிடந்தால் நாக்கு பின்னே சரிந்து தொண்டையை அடைக்கும், ரத்தமும் வாந்தியும் உள்ளே போகும். அதே சமயம், தலையை உலுக்கிய விசை கழுத்தெலும்பையும் முறித்திருக்கலாம். இரண்டையும் நினைவில் வைத்துத்தான் அவரைத் தொட வேண்டும். மூச்சு சீராக இருந்தால் அசைக்காதீர்கள். தலைமாட்டில் மண்டியிட்டு, இரு உள்ளங்கையாலும் தலையை, கிடக்கும் நிலையிலேயே ஆடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கழுத்தைப் பற்றிச் சந்தேகம் இருக்கும்போது சுருளைச் சுற்றுவதற்காகத் தலையைத் தூக்கவே வேண்டாம், மடித்த துணியைக் கையால் அழுத்திப் பிடித்தாலே போதும். வாந்தி வந்தாலோ மூச்சில் கொரகொரப்புக் கேட்டாலோ, தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒருக்களித்துத் திருப்புங்கள். மூச்சே தடைப்பட்டிருந்தால் கழுத்தைவிட மூச்சுக்குத்தான் முதலிடம். மூச்சு நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

குடிக்கத் தண்ணீர் கொடுக்காதீர்கள். அன்பால்தான் கொடுக்கிறோம், ஆனால் அது புரையேறி நுரையீரலுக்குப் போகலாம். அறுவை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பதும் நல்லது. வலிப்பு வந்தால் கைகாலை அமுக்கிப் பிடிக்காமல், சுற்றியுள்ள பொருள்களை விலக்கி, வாயில் எதையும் திணிக்காமல் விடுங்கள்.

ஹெல்மெட்டைக் கழற்றலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். மூச்சு வந்துகொண்டிருந்தால் வேண்டாம். முகக் கண்ணாடியை மட்டும் தூக்கிவிடுங்கள். மூச்சுக்கு வழி செய்ய வேறு வகையே இல்லை என்றால், ஒருவர் தலையையும் கழுத்தையும் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் மெல்ல உருவ வேண்டும். ஹெல்மெட் இப்படிப் பரவலானதில் ஒரு மருத்துவரின் வருத்தத்துக்குப் பங்கு உண்டு. 1935இல் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலைக்காயத்தால் இறந்த, 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி.இ. லாரன்ஸுக்கு மருத்துவம் பார்த்தவர்களில் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ். அதற்குப் பிறகு அவர் மோட்டார் சைக்கிள் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941இல் ஹெல்மெட்டின் அவசியத்தை விளக்கிக் கட்டுரை எழுதினார். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பின்னாளைய மதிப்பீடு ஒன்று, ஹெல்மெட் இறப்பு அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்கிறது. இந்தக் கட்டுரையில் சொல்லும் எந்தக் கட்டும் அந்தப் பலனுக்கு அருகில்கூட வராது.

உட்கார்ந்து பார்ப்பது

1974இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். கண் எப்படித் திறக்கிறது, பேச்சு எப்படி இருக்கிறது, கை கால் எப்படி அசைகிறது, இந்த மூன்றை மட்டும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவது. 15 முழு விழிப்பு. 8 அல்லது அதற்குக் கீழே போனால் நிலை மோசம். உலகம் முழுக்க மருத்துவமனைகளில் இன்றும் இதுதான். எண்கள் நமக்கு மனப்பாடம் ஆக வேண்டாம். ஆனால் அந்த மூன்றையும் யாராலும் பார்க்க முடியும். கூப்பிட்டால் கண் திறக்கிறதா, கிள்ளினால்தான் திறக்கிறதா? பெயர், நாள், எப்படி விழுந்தார் என்று கேட்டால் பொருத்தமாகப் பதில் வருகிறதா, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? 'என் இரண்டு விரலையும் அழுத்துங்கள்' என்றால் இரு கையும் சமமாக அழுத்துகின்றனவா?

ஒரு தாளை எடுத்து நேரத்தோடு எழுதுங்கள். '4.10 விழுந்தார். 4.12 எழுந்து பேசினார். 4.40 ஒரு முறை வாந்தி. 5.05 தூக்கம் தூக்கமாக வருகிறது என்கிறார்.' மருத்துவருக்கு ஒற்றை நிலையைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். அந்தத் தகவல் கூட இருந்தவரிடம் மட்டுமே இருக்கிறது.

வாந்தி மீண்டும் வருவது, தலைவலி கூடிக்கொண்டே போவது, குழறும் பேச்சு, ஒரு பக்கம் பலம் குறைவது, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், ஒரு கண்பாவை மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர் போலவோ ரத்தம் கலந்தோ திரவம் வந்தால் மண்டையின் அடித்தளத்தில் விரிசல் விழுந்திருக்கலாம். பஞ்சை வைத்து அடைக்காதீர்கள். அடைத்தால் கிருமி உள்ளே தங்கிவிடும். மேலே தளர்வாக ஒரு துணியை வைத்தால் போதும், மூக்கைச் சிந்தவும் விடாதீர்கள். காதுக்குப் பின்னாலும் இரு கண்ணைச் சுற்றியும் தோன்றும் கருநீலம் இதே விரிசலின் அடையாளமாக இருக்கலாம். ஆனால் அது தெரிய ஒரு நாள்கூட ஆகும், அதற்காகக் காத்திருக்கக் கூடாது. பேச்சு வராத கைக்குழந்தையிடம் பார்க்க வேண்டியது உச்சிக்குழி புடைப்பதை, பால் குடிக்க மறுப்பதை, எதற்கும் அடங்காத அழுகையை, தலையில் மெத்தென்று பெரிதாகும் வீக்கத்தை.

'தலையில் அடிபட்டவரைத் தூங்க விடாதே' என்ற அறிவுரை எல்லோருக்கும் தெரியும். தூக்கம் மூளைக்குக் கெடுதல் செய்வதில்லை. தூங்கும்போது நினைவு மங்கினால் நமக்குத் தெரியாமல் போய்விடும் என்பதுதான் அந்த அறிவுரைக்குள் இருக்கும் நியாயம். மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியவர் தூங்கலாம். முதல் இரவில் ஒருவர் கூடவே இருந்து, மருத்துவர் சொன்ன இடைவெளியில் எழுப்பி, சரியாகப் பேசுகிறாரா என்று பார்த்துக்கொண்டால் போதும். வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். காயம் திறந்திருந்தால் டெட்டனஸ் ஊசியையும் மறக்காதீர்கள்.

விளையாட்டில் அடிபட்ட பிள்ளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூளை அதிர்ச்சிக்கு மயக்கம் வந்தே ஆக வேண்டும் என்பதில்லை, பெரும்பாலோருக்கு வருவதே இல்லை. விளையாடியவன் திகைத்து நின்றாலோ, ஆட்டத்தின் நிலவரம் தெரியாமல் விழித்தாலோ, அன்றைக்கு அவனை மறுபடி களத்தில் இறக்கக் கூடாது. ஆறாத மூளை மேல் இரண்டாவது அடி விழுந்தால், அரிதாகவே ஆனாலும், மூளை வேகமாக வீங்கி உயிரைப் பறித்திருக்கிறது. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாகப் படிப்பும் ஓட்டமும், கடைசியில்தான் போட்டி.

வயதானவர்களின் கதை மெதுவாக நடக்கிறது. வயது ஏற ஏற மூளை கொஞ்சம் சுருங்குகிறது. மூளையிலிருந்து உறைக்குப் போகும் சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. கதவு நிலையில் இடித்துக்கொண்டது, கட்டிலிலிருந்து சரிந்தது போன்ற அடியே ஒரு சிரையைக் கிழிக்கப் போதும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் எளிது, அவர்களை அடிபட்ட அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். சிரை என்பதால் கசிவு மெதுவாக இருக்கும். சுருங்கிய மூளை விட்ட இடைவெளியில் ரத்தம் வாரக்கணக்கில் சேரும். பிறகு நடை தள்ளாடும், பேர்கள் மறக்கும், பகலில் தூக்கம் வரும். வயசாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் மனதைத் தேற்றிக்கொள்வார்கள். பலருக்கு மண்டை ஓட்டில் சிறு துளையிட்டு அந்தப் பழைய ரத்தத்தை வடித்துவிட்டால் நடையும் பேச்சும் திரும்பி வருகின்றன. அதற்கு, ஸ்கேனுக்கு முன்னால் மருத்துவர் கேட்கும் கேள்விக்கு வீட்டில் யாராவது ஒருவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: 'கடந்த ஒன்றிரண்டு மாதத்தில் இவர் எங்கேயாவது விழுந்தாரா?'